ஜில்லா ஜட்ஜியின் நாற்காலி

வெள்ளகோவில் சந்தைக்கு வந்திருக்கும் ஒரு குடியானவரை நிறுத்தி, "ஐயா, உங்களுக்கு நியாயம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் அவர் டில்லியையும் காட்டமாட்டார், சென்னையையும் காட்டமாட்டார். காங்கயம் கோர்ட்டைக் காட்டுவார். கொஞ்சம் வயதானவராயிருந்தால் தாராபுரம் கோர்ட்டைக் காட்டுவார். மிஞ்சிப்போனால் திருப்பூரைச் சொல்லுவார். இவ்வூர் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1979-ல் பெரியார் ஜில்லா என்று ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு பிரிந்தபோது அதில் சேர்ந்தது. 2009-ல் திருப்பூர் ஜில்லாவுக்குப் போயிற்று. ஜில்லா மாறியது, கலெக்டர் மாறினார், கட்டடம் மாறியது. ஆனால் வண்டித்தடத் தகராறு, பொதுக் கிணற்றில் பங்கு முறை, வேலியோரத்துக் கல் நட்ட தகராறு, பி.ஏ.பி. வாய்க்காலில் மேல்மடைக்காரன் தண்ணீரை மறித்துக்கொண்ட சங்கதி, தறிக்காரருக்குக் கூலி பாக்கி, செக்கு திரும்பி வந்த வியாபாரம் ஆகிய இவைகளெல்லாம் போய் நிற்கிற இடம் மாத்திரம் மாறவில்லை. அது முன்சீப்பின் மேஜை. அதற்கு மேலே சப்-ஜட்ஜி. அதற்கும் மேலே ஜில்லா ஜட்ஜி.

இந்த மூன்று பேரைப்பற்றியும் நமது தினசரிப் பத்திரிகைகள் எழுதுவது கிடையாது. சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜி ஒருவர் தும்மினாலும் அது முதல் பக்கத்தில் வரும். காங்கயத்தில் முன்சீப் இல்லாமல் கோர்ட்டு காலியாகக் கிடந்தாலும் அது எட்டாம் பக்கத்து மூலையில்கூட வராது. கோர்ட்டுக்குப் போகிற நூறு பேரில் பெரும்பாலோர் அந்தக் கீழ்க்கோர்ட்டுப் படியோடு நின்றுவிடுகிறவர்கள். அப்பீல் போடப் பணமில்லை, பஸ் சார்ஜு இல்லை, தெம்பு இல்லை. அவர்களுக்கு முன்சீப்புதான் முதல் கோர்ட்டு. அவரேதான் கடைசிக் கோர்ட்டும்.

இன்னொரு சங்கதியையும் ஜனங்கள் கவனிப்பதில்லை. சாட்சியைக் கண்ணால் பார்க்கிறவர் விசாரணைக் கோர்ட்டு ஜட்ஜி ஒருவர்தான். கூண்டில் ஏறியவன் கேள்வி கேட்டவுடன் வக்கீல் முகத்தைப் பார்க்கிறானா, வியர்க்கிறானா, மனப்பாடம் ஒப்பிக்கிறானா, பயத்தினால் திக்குகிறானா, பொய்யினால் திக்குகிறானா என்பதை அவர் பார்க்கிறார். அதை எழுதி வைக்கவேண்டும் என்றே 1973-ம் வருஷத்துக் கிரிமினல் புரொசீஜர் கோடு 280-வது பிரிவு சொல்லியிருந்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. மேல்கோர்ட்டு ஜட்ஜிகளுக்கோ காகிதம்தான் தெரியும். காகிதம் வியர்ப்பதில்லை.

சத்தியப் பிரமாணம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். கடவுள் பேரால் ஆணையிட்டுச் சொல்லுகிறேன் என்று ஆரம்பித்துப் பொய் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எந்த அனுபவப்பட்ட வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்லுவார். நமது கிராமங்களில் கோவில் முன் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தவனும் மறுவாரமே வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறான். கடவுள் பேரைச் சொல்லாமல் உறுதிமொழி கூறுவதற்கும் 1969-ம் வருஷத்துப் பிரமாணச் சட்டத்தில் இடமிருக்கிறது. வேண்டுபவர்கள் அதைக் கேட்டுப் பெறலாம். ஆணை எதுவானாலும் பொய்யைப் பிடிக்கிறது கடவுளல்ல. குறுக்கு விசாரணையும், எதிரே உட்கார்ந்து கவனிக்கிற ஒரு மனிதரின் மூளையுந்தான்.

அப்படி உட்கார்ந்து கவனித்த ஒரு ஜில்லா ஜட்ஜியைப்பற்றி இன்று எழுத விரும்புகிறோம். அவர் ஆர். பானுமதி அம்மையார்.

1955-ல் பிறந்த அவர், 1981-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் ஆகிய ஊர்க் கோர்ட்டுகளில் தொழில் நடத்தினார். சென்னை ஹைக்கோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தில் பெரிய வக்கீலின் மகளாகவோ மருமகளாகவோ வளர்ந்தவரல்ல. 1988-ல் நேரடி நியமனத்தின் மூலம் ஜில்லா ஜட்ஜியானார். வக்கீலாக ஏழு வருஷம் இருந்தவரை ஜில்லா ஜட்ஜியாக எடுக்கலாம் என்று அரசியல் சட்டம் 233-வது பிரிவில் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலில் நுழைந்தவர்.

நமது கோயமுத்தூர்ப் பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமுண்டு. சந்தனக் கடத்தல் வீரப்பனைப் பிடிக்கிறோம் என்று புறப்பட்ட போலீஸ் படையினர் மலையோரத்து ஏழைகளிடம் நடந்துகொண்ட லட்சணம் நாடறிந்தது. கேரள எல்லையை ஒட்டிய சின்னாம்பதி என்ற ஆதிவாசிக் கிராமத்தில் நடந்த அக்கிரமங்களைப்பற்றி 1995-96-ல் விசாரிக்க ஒருநபர் கமிஷனாக இருந்தவர் இந்த அம்மையார்தான். காட்டு ஜனங்களின் வார்த்தையைச் சர்க்கார் உத்தியோகஸ்தரின் வார்த்தைக்குச் சமமாக வைத்துக் கேட்பது ஒரு ஜட்ஜிக்கு அவ்வளவு சுலபமான வேலையல்ல. சாட்சி சொல்ல வந்தவனுக்குக் கிழிந்த வேட்டி, எதிரே நிற்கிறவனுக்குக் காக்கிச் சட்டை. நம் நாட்டில் வேட்டியின் கிழிசலைப் பார்த்தே சத்தியத்தை நிறுக்கிற வழக்கம் நெடுநாளாய் இருந்துவருகிறது.

அதற்குப் பிறகு புதுக்கோட்டை. அங்கே அவர் செஷன்ஸ் ஜட்ஜியாக இருந்தபோது அவர் முன் வந்தது பிரேமானந்தா சாமியாரின் வழக்கு.

இளைய தலைமுறைக்கு அந்தச் சங்கதி மறந்துபோயிருக்கலாம். இலங்கையில் 1983-ல் நடந்த கொடுமைக்குப் பிறகு, மாத்தளையிலிருந்து அநாதைக் குழந்தைகள் சிலரையும் அழைத்துக்கொண்டு இந்த மனிதர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஆசிரமம் கட்டினார். வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைப்பார். சிவராத்திரி வந்தால் வாயிலிருந்து லிங்கம் கக்குவார். இந்த வித்தையைத் தெருவில் குடுகுடுப்பைக்காரன் செய்தால் நாலணா போடுவார்கள். காவி கட்டிக்கொண்டு செய்ததால் நூற்றைம்பது ஏக்கர் பூமியும், வெளிநாட்டுப் பணமும், மந்திரிகளும் அதிகாரிகளும் காலில் விழுகிற பெருமையும் வந்து சேர்ந்தன. 1994-ல் ஆசிரமத்திலிருந்து தப்பி வெளியே வந்த பெண் பிள்ளைகள் வாயைத் திறந்தபோதுதான் உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது. பதின்மூன்று பெண்களைக் கெடுத்தது, ஒரு வாலிபரைக் கொன்றது என்ற குற்றங்கள் சாட்டப்பட்டன.

அந்தப் பிள்ளைகளின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தாய் தகப்பனில்லை. சொந்த நாடில்லை. தங்களைச் சோறு போட்டு வளர்த்தவரே தங்களைக் கெடுத்தார் என்று, அவரை அவதாரம் என்று நம்புகிற ஊரில், கூண்டேறிச் சொல்லவேண்டும். எதிர்த்தரப்பிலோ பெரிய பெரிய வக்கீல்கள். ஒரு பெண்ணின் கர்ப்பத்துக்குச் சாமியாரே காரணம் என்று ஹைதராபாத் ஆராய்ச்சிசாலையின் டி.என்.ஏ. பரீட்சை காட்டிற்று. அதைப் பொய்யாக்க இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்தார்கள். அவதாரத்தைக் காப்பாற்ற விபூதி போதவில்லை, விமானம் ஏறி விஞ்ஞானி வரவேண்டியிருந்தது என்பதைப் பக்தர்கள் அன்றைக்காவது கவனித்திருக்கலாம்.

1997 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இரட்டை ஆயுள் தண்டனை. அறுபத்தேழு லட்ச ரூபாய்க்கு மேல் அபராதம். பெண்களின் சாட்சியத்தை அந்த ஜில்லா ஜட்ஜி நம்பினார். சோதனைச் சாலையின் சாட்சியத்தை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டார். லிங்கத்தையும் விபூதியையும் அவர் மேஜைமேல் வைத்து எடைபோடவில்லை. 2002-ல் ஹைக்கோர்ட்டு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 2005 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. சாமியார் கைதியாகவே 2011 பிப்ரவரியில் கடலூரில் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

நாம் எழுபது, எண்பது, நூறு வருஷமாக மேடையில் பேசியும், பத்திரிகையில் எழுதியும், தெருவில் தீச்சட்டி ஏந்திக் காட்டியும் சாமியார் புரட்டைச் சந்தி சிரிக்க வைத்து வருகிறோம். அதன் பலனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சாமியாரை மடத்திலிருந்து எடுத்து ஜெயிலில் உட்கார வைத்து, மேல்கோர்ட்டு இரண்டிலும் அந்தத் தீர்ப்பு நிற்கும்படி செய்தது சாட்சியத்தைத் தாள் தாளாக எழுதி வாங்கிய ஒரு ஜில்லாக் கோர்ட்டு. பகுத்தறிவு என்பது கடைசியில் இதுதான்: யார் சொன்னார், எதைக் கண்டார், எப்படித் தெரியும் என்று கேட்பது.

பானுமதி அம்மையார் 2003-ல் சென்னை ஹைக்கோர்ட்டு ஜட்ஜியாகவும், 2013-ல் ஜார்க்கண்டு ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதியாகவும், 2014 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜியாகவும் ஆனார். 2017 மே மாதத்தில் டில்லி பஸ் கொடுமை வழக்கின் அப்பீலை முடிவு செய்த மூவரில் அவரும் ஒருவர். தனியாகவும் தம் காரணங்களை எழுதினார். 2020 ஜூலையில் ஓய்வு பெற்றார்.

அவர் எழுதிய எல்லாவற்றையும் நாம் தலையில் வைத்துக் கொண்டாடவேண்டும் என்பதில்லை. 2006 மார்ச்சில், ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்கு வந்த ஒரு மனுவில், ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்து உத்தரவிட்டவர் அவரே. காங்கயம் காளைக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில், கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வருஷந்தவறாமல் போகிறவர்களிடத்தில் அந்த உத்தரவைப்பற்றி நல்ல வார்த்தை கேட்கமுடியாது. பிறகு அது எங்கெங்கோ சுற்றி, 2017-ல் கடற்கரையில் வாலிபர்கள் கூடி, சட்டசபை சட்டம் செய்து, 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லும் என்றது. மனு கேட்டது ஒன்று, உத்தரவு போனது அதற்கும் அப்பால் என்பது நம் அபிப்பிராயம். மாடு பிடிக்கிறதில் உள்ள வீரத்தைப்பற்றி நமக்கு வேறு அபிப்பிராயங்களும் உண்டு. அதை இன்னொரு வாரம் எழுதலாம்.

அம்மையாரின் உத்தியோகத்தில் நம் மனதைத் தொட்டது, அவர் விடைபெற்ற அன்று சொன்ன ஒரு சங்கதி. அவருக்கு இரண்டு வயதாயிருக்கும்போது தகப்பனார் பஸ் விபத்தில் இறந்துபோனார். விதவையான தாயார் மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு நஷ்டஈட்டுக்குத் தாவா போட்டார். கோர்ட்டு டிகிரி கொடுத்தது. ஆனால் சட்ட முறைகளின் சிக்கலாலும், உதவிக்கு ஆளில்லாததாலும் பணம் கைக்கு வரவேயில்லை. தாமும் தம் தாயும் சகோதரிகளும் கோர்ட்டுத் தாமதத்துக்குப் பலியானவர்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜி ஒருவர் தம் வாயாலே சொன்னார்.

இதைக் கேட்டு டில்லிக்காரர்கள் ஆச்சரியப்பட்டிருக்கலாம். வெள்ளகோவில்காரர் ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார். டிகிரி வாங்குவது பாதி வழக்கு. அதைப் பணமாக்குவதற்கு இ.பி. போடுவது மீதி வழக்கு என்பது நம் சந்தைக்கடையில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் தெரியும். அமீனா வந்தால் கதவு பூட்டியிருக்கும். நோட்டீசு "விலாசத்தில் இல்லை" என்று திரும்பும். அதற்கொரு வாய்தா. எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, அதற்கொரு வாய்தா. ஜட்ஜி மாற்றலாகிப் போனார். புதியவர் வரும்வரை வாய்தா. தகப்பன் போட்ட தாவாவில் மகன் கையெழுத்துப் போட்டு, பேரன் சமாதானமாய்ப் போன கதை இந்தச் சீமையில் அபூர்வமல்ல. நியாயம் ஜெயித்தது என்று காகிதம் சொல்லும்; அடுப்பு சொல்லாது.

இதற்கு முன்சீப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 1987-ல் சட்டக் கமிஷன் தன் 120-வது அறிக்கையில், பத்து லட்சம் ஜனங்களுக்குப் பத்து ஜட்ஜிகள் இருக்கிற நிலையைக் காட்டி, ஐம்பதாக்கவேண்டும் என்று சொல்லிற்று. 2002-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஐந்து வருஷத்தில் ஐம்பதாக்கு என்று கட்டளையிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் எண்ணிக்கை இருபதை ஒட்டியே நொண்டிக்கொண்டிருந்தது. ஜில்லாக் கோர்ட்டுகளில் தேங்கிய வழக்குகளோ நாலு கோடியைத் தாண்டிவிட்டன. ஒரு கும்பாபிஷேகத்துக்கு வசூலாகிற பணத்தையும், ஒரு கோர்ட்டு கட்ட ஆகிற பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் ஜனங்கள் என்றைக்குத்தான் பழகுவார்களோ தெரியவில்லை.

நமது ஜில்லாவிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுவோம். 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி மாறிக் கலியாணம் செய்துகொண்டார் என்பதற்காக சங்கர் என்ற வாலிபரை வெட்டிக் கொன்றார்கள். அவருடைய மனைவியும் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். பிழைத்தவர் கூண்டேறித் தம்மைப் பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். திருப்பூர் ஜில்லா ஜட்ஜி அலமேலு நடராஜன் அவர்கள் 2017 டிசம்பர் 12-ந் தேதி ஆறு பேருக்குத் தூக்கும், இன்னும் இரண்டு பேருக்குச் சிறையும் விதித்து, மூன்று பேரை விடுதலை செய்தார். 2020 ஜூனில் ஹைக்கோர்ட்டு, பெண்ணின் தகப்பனாரை விடுதலை செய்தது. ஐந்து பேரின் தூக்கை இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றிற்று.

தூக்குத் தண்டனை குறைந்ததில் நமக்கு வருத்தமில்லை; மனிதனைக் கொன்று சாதியைக் கொல்ல முடியாது. ஆனால் சாதி ஆணவத்தின் வேரில் இருந்தவர் யார் என்ற கேள்விக்கு, சாட்சியை நேரில் பார்த்த கோர்ட்டு ஒரு விடை சொல்லிற்று, காகிதத்தைப் பார்த்த கோர்ட்டு வேறு விடை சொல்லிற்று. எது சரி என்று தீர்மானிக்கிற அதிகாரம் நமக்கில்லை. சாதிக்கட்டு இறுகிய ஒரு ஜில்லாவில் உட்கார்ந்து, சாதியைக் காரணமாகக் கண்டு, அதைத் தீர்ப்பில் எழுதுவதற்கு ஒரு ஜில்லா ஜட்ஜிக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளுகிறோம். அதே மாதிரி, வாச்சாத்தி வழக்கில் 269 சர்க்கார் சிப்பந்திகளையும் குற்றவாளிகள் என்று 2011-ல் சொன்னது தர்மபுரி ஜில்லாக் கோர்ட்டு. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அது சரியென்று ஹைக்கோர்ட்டு சொல்ல 2023 ஆயிற்று.

இப்பேர்ப்பட்ட நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் நாம் முக்கியமாய்ப் பேச வந்த விஷயம்.

பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1927-ல் மந்திரி முத்தையா முதலியார் அவர்கள் போட்ட வகுப்புவாரி உத்தரவின்படி, சர்க்கார் உத்தியோகம் பன்னிரண்டு என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, முஸ்லீம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவருக்கு இரண்டு, ஆதிதிராவிடருக்கு ஒன்று என்று ஏற்பட்டது. 1947-ல் அது திருத்தப்பட்டது. 1949 டிசம்பரில் சென்னை மாகாணத்தில் 83 ஜில்லா முன்சீப் வேலைகளுக்கு விளம்பரம் செய்தார்கள். அதில் ஆதிதிராவிடருக்கு 19, முஸ்லீம்களுக்கு 5, கிறிஸ்தவருக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, மற்றப் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 32, பார்ப்பனருக்கு 11. இதை எதிர்த்து வெங்கட்டரமணா என்ற விண்ணப்பதாரர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1951 ஏப்ரல் 9-ந் தேதி, ஆதிதிராவிடருக்கும் பிற்பட்டவருக்கும் ஒதுக்கியது போக மீதி வகுப்புப் பங்கீடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதே நாளில்தான் காலேஜ் படிப்பைப்பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. நாடே கொதித்து, அவ்வருஷமே அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டது. எல்லாரும் செண்பகத்தை நினைவு வைத்திருக்கிறார்கள்; அந்தச் சண்டையின் மறுபாதி நடந்தது முன்சீப் நாற்காலிக்காக என்பதை மறந்துவிட்டார்கள்.

அந்த 1949-லேயே, வடாற்காடு ஜில்லா ஜோலார்பேட்டையில் பிறந்து 1944-ல் வக்கீலான ஏ. வரதராஜன் என்ற ஆதிதிராவிட வாலிபர் ஜில்லா முன்சீப்பானார். பிறகு சப்-ஜட்ஜி. 1968-ல் ஜில்லா ஜட்ஜி. ஹைக்கோர்ட்டு என்ற ஒன்று சென்னையில் 1862-ல் ஏற்பட்டது முதல் அதன் ஜட்ஜி ஆசனத்தில் ஆதிதிராவிடர் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை என்பதைப் பெரியார் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மந்திரி கருணாநிதி அவர்கள் காலத்தில், 1973 பிப்ரவரியில், வரதராஜன் அவர்கள் ஹைக்கோர்ட்டு ஜட்ஜியானார். நூற்றுப்பதினோரு வருஷம்! அவ்வருஷ டிசம்பரில் பெரியார் மறைந்தார். இதைப் பார்த்துவிட்டுத்தான் மறைந்தார். 1980 டிசம்பரில் வரதராஜன் அவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, அங்கேயும் அவர்தான் ஆதிதிராவிடரில் முதல்வர்.

சுப்ரீம் கோர்ட்டில் முதல் பெண் ஜட்ஜியான பாத்திமா பீவி அம்மையாரும் கீழ்க்கோர்ட்டில் ஏறி வந்தவரே. கேரளத்தில் 1958-ல் முன்சீப், 1974-ல் ஜில்லா ஜட்ஜி, 1983-ல் ஹைக்கோர்ட்டு, 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு. (பின்னால் இங்கே கவர்னராயிருந்தபோது செய்தவைபற்றி நமக்கு அபிப்பிராய பேதமுண்டு, அது இப்போது பிரஸ்தாபமல்ல.)

ஆக, முதல் ஆதிதிராவிடரும் முதல் பெண்ணும் இந்த நாட்டின் தலைமைக் கோர்ட்டுக்கு எந்த வழியாக வந்தார்கள்? சென்னை வக்கீல் மாளிகைகளின் வழியாக அல்ல. பரீட்சை எழுதி, முன்சீப்பாக ஊர் ஊராய் மாற்றலாகி, சாட்சி எழுதிக் கை நோக வந்தார்கள். ஏன்? கீழ்க்கோர்ட்டு உத்தியோகத்துக்கு ஒதுக்கீடு உண்டு, மார்க்கு உண்டு, பட்டியல் உண்டு. ஹைக்கோர்ட்டு உத்தியோகத்துக்கு இவை ஒன்றும் கிடையாது. அங்கே ஜட்ஜிகளே கூடி ஜட்ஜிகளைப் பொறுக்குகிறார்கள். "தகுதி" என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். அதை அளக்கிற படி அவர்கள் வீட்டுப் படி. பாலகிருஷ்ணன் அவர்கள் 2010-ல் பிரதம நீதிபதியாக ஓய்வுபெற்ற பிறகு, 2019-ல் கவாய் அவர்கள் வரும்வரை ஒன்பது வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு ஆதிதிராவிடரும் இல்லை. அந்த ஒன்பது வருஷத்தில் இருபது கோடி ஜனங்களில் ஒருவருக்கும் தகுதி இல்லாமற் போயிற்றா என்று நாம் கேட்கிறோம்.

இந்த நிலையில்தான் 2025 மே 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, முன்சீப் பரீட்சை எழுத மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அனுபவமில்லாத பிள்ளைகள் கோர்ட்டில் திணறுகிறார்கள் என்று பல ஹைக்கோர்ட்டுகள் சொன்னதைக் காரணமாகக் காட்டினார்கள். அதில் உண்மையில்லை என்று சொல்லமாட்டோம். சட்டக் கல்லூரியிலிருந்து நேரே வந்து, முப்பது வருஷம் தொழில் செய்த வக்கீல் முன் உட்காருகிற இருபத்துமூன்று வயதுப் பிள்ளை மிரளுவது இயற்கை.

ஆனால் மூன்று வருஷம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவு மூன்று வருஷமா? தகப்பன் வக்கீலாயிருந்து, வீட்டு முன்னறையில் ஆபீசும் அலமாரி நிறையப் புஸ்தகமும் உள்ள பிள்ளைக்கு அது வீட்டிலிருந்தபடி பழகுகிற காலம். தறிக்குடோனில் நூல் போட்டுப் படிக்க வைத்த தாயின் மகனுக்கோ, முருங்கைக்காய் பறிக்கப் போகிறவரின் மகளுக்கோ அது வருமானமில்லாத மூன்று வருஷம். சீனியர் வக்கீலிடம் கட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். வாரக் கடைசியில் அவர் பெட்ரோலுக்கென்று கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளவேண்டும். பெண்ணாயிருந்தால் அந்த மூன்று வருஷத்துக்குள் கலியாணம் செய்து அனுப்பிவிடுவார்கள். மேற்படி நிபந்தனை சாதியின் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அது யாரை வடிகட்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

2020-ல் தமிழ்நாட்டு சர்க்கார், ஏழைச் சட்டப் பட்டதாரிகளுக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் இரண்டு வருஷத்துக்குத் தருவதாக ஒரு ஏற்பாடு செய்தது. நல்லது, ஆனால் மூவாயிரம் ரூபாயில் திருப்பூரில் ஒரு அறைக்கு வாடகைகூட ஆகாது. 2024 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டு, ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோயமுத்தூரில் குறைந்தது இருபதினாயிரமும், மற்ற ஊர்களில் பதினைந்தாயிரமும் கொடுக்கவேண்டும் என்று சொல்லிற்று. சொன்னது பெரிய காரியம். காங்கயத்திலும் தாராபுரத்திலும் மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் ஜூனியருக்குக் கொடுக்கிற நிலையில் எத்தனை சீனியர் இருக்கிறார்கள் என்று அந்தக் கோர்ட்டு வளாகத்து டீக்கடையிலேயே விசாரித்துக்கொள்ளலாம். சீனியருக்கே பல மாதம் கட்சிக்காரர் பீஸ் கொடுப்பதில்லை.

ஆகவே பொறுப்பு சர்க்காருடையதாகிறது. மூன்று வருஷம் தொழில் செய்யவேண்டும் என்று விதித்தால், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டவர் வீட்டில் முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வருகிற பிள்ளைகளுக்கு, அந்த மூன்று வருஷமும், வாழ்க்கைக்குப் போதுமான தொகையைச் சர்க்காரே நேரில் கொடுக்கவேண்டும். சீனியரின் தயவில் விடக்கூடாது. மூவாயிரம் என்பதைப் பதினைந்தாயிரமாக்கவேண்டும்; இரண்டு வருஷம் என்பதை மூன்றாக்கவேண்டும். ஒரு ஜில்லாவுக்கு நூறு பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் ஜில்லா ஒன்றுக்கு வருஷத்துக்கு ஒரு கோடியே எண்பது லட்ச ரூபாய்தான் ஆகிறது. வருகிற பட்ஜெட்டில் இதற்கு இடம் செய்யும்படி நம் பகுதிச் சட்டசபை அங்கத்தினர்கள் கேட்கவேண்டும். அவர்கள் கேட்கும்படி, ஓட்டுப் போட்டவர்கள் அவர்களைக் கேட்கவேண்டும்.